தேனில் குழைத்துக் கொடுக்கவும்

என் மகனுக்கு நான் விஷம் கொடுத்தேன். ஒரு வேளை, இரண்டு வேளை அல்ல. காலை, மதியம், மாலை என்று கடிகாரம் பார்த்து, ஒரு சொட்டும் கடைவாயில் வழிந்துவிடாமல் கவனமாகக் கொடுத்தேன். அந்த விஷமும் லேசில் கிடைத்ததல்ல. வனத்துறையில் வேலை பார்க்கும் நண்பரின் மைத்துனரைப் பிடித்து, கலப்படமில்லாத மலைத்தேன் வரவழைத்திருந்தேன். கடைத்தேன் கொடுக்கும் மற்ற அப்பன்மார்களைப் பற்றி உள்ளூரக் கொஞ்சம் இளக்காரம் வேறு.

படித்தவன் என்று பெயர் வாங்கிவிட்டால் இப்படித்தான். காரைக்குடியில் ஒரு கல்லூரி நூலகத்தில் எனக்கு உத்தியோகம். புத்தகங்களுக்கு எண் ஒட்டுவேன், அடுக்குவேன், தூசி தட்டுவேன். மிச்ச நேரத்தில் வாரப் பத்திரிகைகளுக்குச் சிரிப்புக் கட்டுரை எழுதுவேன். நாற்பதை எட்டிப் பார்க்கும் வயதில் எனக்குப் பிறந்தவன் குமரேசன். இது அறுபதுகளின் கடைசியில், பத்து வருஷத்துக்கு முன்னால் நடந்தது.

தாய்ப்பால் மட்டும் குடித்துக்கொண்டிருந்தவரை அவனுக்கு ஒரு குறையும் இல்லை. பிறகு கேழ்வரகுக் கூழில் கருப்பட்டி போட்டு ஊட்ட ஆரம்பித்தோம். மற்றக் குழந்தைகள் சப்புக்கொட்டும் கூழை இவன் நாக்கால் வெளியே தள்ளினான். தள்ளியதைச் சங்கில் வழித்தெடுத்து மறுபடி உள்ளே விட்டோம். வாந்தி எடுத்தான். சில நேரம் உடம்பெல்லாம் சில்லென்று வேர்த்து, துவண்டுபோய்க் கிடந்தான். வாந்திக்கு ஒரு டாக்டர் சிவப்பாக ஒரு டானிக் எழுதினார், இனிப்பான டானிக். அதையும் வாந்தி எடுத்தான். வைத்தியர் ஒருவர் பொடி மடித்துக் கொடுத்து, பொட்டலத்தின் மேலேயே எழுதியிருந்தார்: 'தேனில் குழைத்துக் கொடுக்கவும்.' அங்கேதான் என் மலைத்தேன் வந்து சேர்ந்தது.

நான் சும்மா இருக்கவில்லை. எங்கள் நூலகத்துக்கு ஆங்கில மருத்துவக் கலைக்களஞ்சியம் ஒன்று தொகுதி தொகுதியாக வந்துகொண்டிருந்தது. முதல் இரண்டு தொகுதிகளோடு கல்லூரிக்கு ஆர்வம் தீர்ந்துவிட்டது. ஆகவே என் மகனுக்கு வரக்கூடிய நோய்கள் எல்லாம் ஆங்கில அகரவரிசையின் முதல் நாலைந்து எழுத்துகளுக்குள்ளேயே அடங்கின. அதற்குள் எனக்கே மூன்று நோய்கள் இருப்பதாகத் தெரிந்துகொண்டேன்.

இதற்கு நடுவில் காதுகுத்து வந்தது. நாள் குறித்தாகிவிட்டது, தள்ளிப்போடக் கூடாது, காது குத்தினால் பிள்ளை தேறிவிடும் என்றார்கள். என் மனைவி கண்ணாத்தாளின் அண்ணன் சொக்கலிங்கம் ஒக்கூரில் விவசாயம் பார்க்கிறவர். தாய்மாமன் மடியில் வைத்துத்தானே காது குத்த வேண்டும்? குத்தியதும் பிள்ளை வீரிட்டது. அழுகையை நிறுத்த, மாமன் கையால் வாயில் காப்பரிசி வைப்பது வழக்கம். வெல்லப்பாகில் கிளறிய அரிசி. குமரேசன் துப்பினான்.

"தாய்மாமன் குடுக்கறதத் துப்புறான் பாருங்க மாப்ள!" என்றார் சொக்கலிங்கம். சபையில் நாலு பேர் சிரித்துவிட்டார்கள். அவருக்கு ரோஷம். வெல்லத்தை விரலால் கரைத்து, மேலண்ணத்தில் தடவிவிட்டார்.

பந்தி முடிவதற்குள் பிள்ளைக்குக் கண் செருகி, கை கால் வெட்டி இழுத்தது.

காரைக்குடி டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். வலது விலாவுக்குக் கீழே கல்லுப் போல ஈரல் இறங்கியிருந்தது. கண்ணில் மஞ்சள். "குலைக்கட்டி" என்றார். அந்தச் சொல்லைக் கேள்விப்படாதவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கலாம். ஈரல் இறுகிப்போய், பால்குடிப் பிள்ளைகள் வயிறு ஊதிச் சாகிற நோய். ஒரு வீட்டில் குலைக்கட்டி என்றால், அந்த வீட்டுக்குப் பிள்ளையைப் பார்க்க வருகிறவர்கள் வாசலிலேயே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். நானும் கண்ணாத்தாளும் டாக்டர் வீட்டிலிருந்து திரும்பும்போது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பார்த்தால் அது உண்மையாகிவிடும் என்று பட்டது.

மதுரைக்குப் போனோம். பெரிய ஆஸ்பத்திரி. குழந்தைகள் வார்டில் தாய் மட்டும் தங்கலாம், தகப்பன்மார்களுக்கு வராந்தா. செய்தித்தாளை விரித்துப் படுத்தேன். உள்ளே ஏதாவது குழந்தை அழுதால் எழுந்து உட்காருவேன். சில நாள் கழித்துத்தான் கற்றுக்கொண்டேன், பயப்பட வேண்டியது அழுகைக்கு அல்ல. அழுதுகொண்டிருந்த குழந்தை திடீரென்று நிறுத்தினால், வராந்தாவில் இருக்கும் அத்தனை அப்பன்மார்களும் ஒரே நேரத்தில் எழுந்து நிற்போம்.

பெரிய டாக்டர் தினமும் மாணவர்கள் புடைசூழ வருவார். அவர் அமுக்குவார், பிறகு மாணவர்கள் வரிசையாக அமுக்குவார்கள். குமரேசனின் ஈரலைத் தொடாமல் அந்த வருஷம் மதுரையில் எவரும் டாக்டர் ஆகியிருக்க முடியாது. "லிவர் போயிருக்கு. பார்ப்போம்" என்பார். அந்தப் 'பார்ப்போ'முக்கு என்ன அர்த்தம் என்று வராந்தாவில் எல்லோருக்கும் தெரியும்.

ஒருநாள் காலை குட்டையாக, தடிமனான கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் வார்டுக்குள் வந்தார். நாடி பிடிக்கவில்லை, வயிற்றை அமுக்கவில்லை. குமரேசன் நனைத்துப்போட்ட துணியை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். எனக்குக் கூச்சமாகிவிட்டது. பக்கத்துக் கட்டில்காரி கண்ணாத்தாளிடம் கிசுகிசுத்தாள்: "இவுகதான் மூத்திர டாக்டரம்மா. எந்தப் பிள்ளைக்கு என்ன சீக்குன்னு தெரியலையோ, அங்குட்டு வந்து மோந்து பாப்பாக."

பெயர் டாக்டர் ஜமீலா. நான் முன்னால் போய், தொண்டையைச் செருமிக்கொண்டு, நோயின் வரலாற்றைப் பிறப்பிலிருந்து தொடங்கினேன். கலைக்களஞ்சியச் சொற்கள் இரண்டு மூன்றையும் தூவினேன்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. ஏம்மா, இவன் எதைத் துப்புறான்?" என்று கண்ணாத்தாளைக் கேட்டார்.

அதுவரை எங்களை யாரும் அப்படிக் கேட்டதில்லை. எதைத் தின்றான் என்றுதான் கேட்டார்கள்.

"இனிப்பு எதுவும் ஆகாது டாக்டரம்மா. மருந்தையும் துப்புவான். மூக்கைப் பிடிச்சு ஊத்துவோம்."

"மருந்தே குடுக்காத நாளு உண்டா?"

கண்ணாத்தாள் என்னைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "தேன் தீந்துபோச்சுன்னு கொஞ்ச நாளு குடுக்கல. அப்பத்தான் சிரிச்சான். இவுக அலைஞ்சு புதுத் தேன் கொண்டாந்தாக. திரும்பப் படுத்துட்டான்."

"இத ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்று கேட்டேன்.

"மருந்து குடுக்காட்டித்தான் பிள்ளை நல்லா இருக்குதுன்னு சொன்னா, பைத்தியக்காரின்னுதான அத்தான் சொல்லியிருப்பீக?"

சொல்லியிருப்பேன்.

"நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?" என்று டாக்டரம்மா கேட்டார். என் தாய்மாமன் மகள் அவள் என்றேன். தலையாட்டிக்கொண்டார். "இன்னையில இருந்து சீனி, வெல்லம், கருப்பட்டி, தேன், பழம், டானிக் எதுவும் கூடாது. பாலுல கூடச் சீனி போடாதீக. அடுத்து நனைக்கிற துணிய அலசாம எங்கிட்டக் கொண்டாங்க."

அந்தத் துணியை நான்தான் கொண்டுபோனேன். சலவைக்கூடத்தை ஒட்டி, பழைய போர்வைகள் போட்டுவைத்திருந்த அறை. அதுதான் ஆராய்ச்சிக்கூடம். துணியைப் பிழிந்து, சில சொட்டுகளை நீலத் திரவத்தில் விட்டு, விளக்கில் காட்டினார். நீலம் பச்சையானது, பிறகு செங்கல் நிறம். சர்க்கரை இருக்கிறது என்று அர்த்தம். பிறகு வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு காகிதக் கீற்றை நனைத்தார். அது நிறம் மாறவே இல்லை.

"அந்தக் காயிதத்துக்குக் குளுக்கோஸ் மட்டுந்தான் தெரியும். ஆக, சர்க்கரை இருக்கு, ஆனா குளுக்கோஸ் இல்ல. நம்ம சீனியில ரெண்டு பாதி. ஒண்ணு குளுக்கோஸ், இன்னொண்ணு பழச்சர்க்கரை. இந்தப் பழச்சர்க்கரைய உடைக்க ஈரல்ல ஒரு நொதி வேணும், ஒரு வேலைக்காரன் மாதிரி. உங்க மகனுக்கு அந்த ஆளே வேலைக்கு வரல. பாதி உடைஞ்சது ஈரல்ல தேங்கி நிக்குது. அது நிக்கிறவரைக்கும் ஈரல் தன்கிட்ட இருக்கிற குளுக்கோஸையும் ரத்தத்துக்கு விடாது. வீட்ல நெல் இருக்கு, குதிரு வாயி அடைச்சுப்போச்சு. அதான் பிள்ளை வேர்த்து விழுறான்."

"இது எங்களால் வந்ததா?"

"உங்ககிட்டப் பாதிக் குறை, அவுககிட்டப் பாதிக் குறை. பாதி இருந்தா ஒண்ணும் செய்யாது. ஒரே குடும்பத்துல கட்டுனதால ரெண்டு பாதியும் இவன்கிட்டச் சேந்திருச்சு. யாரு மேலயும் குத்தமில்ல."

அடுத்த கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது. "இந்த நோய் எத்தனை பிள்ளைகளுக்குப் பார்த்திருக்கிறீர்கள்?"

"புத்தகத்துல நிறைய. நேர்ல உங்க மகன்தான் முதல்."

பெரிய டாக்டர் சாகும் என்கிறார். குலைக்கட்டியை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். பிழைக்கும் என்கிற அம்மாளோ இந்த நோயைப் பார்த்ததே இல்லை.

பிறகு தினமும் துணி கொண்டுபோகும் சாக்கில் அவர் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுக்கொண்டேன். இளையான்குடிப் பக்கத்துக்காரர். வாப்பாவுக்குப் பினாங்கில் ஜவுளிக்கடை. மகள் ஊருக்குப் பிரசவம் பார்க்கும் டாக்டராக வர வேண்டும் என்று அவருக்கு ஆசை. சென்னையில் படித்து, லண்டனில் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு மேற்படிப்புக்குப் போனார். அங்கே வெள்ளைக்காரத் தாய்மார்கள் பிள்ளையை இவரிடம் கொடுக்கத் தயங்கினார்களாம். சோதனைச்சாலைக்குத் தள்ளிவிட்டார்கள். பிள்ளை கைக்கு வராவிட்டாலும் அது நனைத்த துணி வந்தது. அதிலேயே எல்லாம் எழுதியிருந்தது என்றார்.

"ஊருக்குத் திரும்பி வந்தப்ப, லண்டன் சேலை கொண்டாந்திருப்பேன்னு சொந்தக்காரவுக பூராவும் வந்துட்டாக. பெட்டியத் தொறந்தா கண்ணாடிக் குழாயி! எங்க மாமி அழுதே போட்டாக. 'பிரசவம் பாக்கிறியாடி?'ன்னாக. இல்லேன்னேன். 'ஊசி போடுவியா?' எப்பவாச்சும்னேன். 'அப்ப என்னதான் செய்வே?' சொன்னேன். இன்னிக்கு வரைக்கும் அவுக எனக்கு மாப்பிள்ளை பாக்கல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சக டாக்டர்கள் அந்த அறைப் பக்கம் வருவதில்லை. காரணம் தெரியாமல் இறந்துபோகும் பிள்ளைகளின் துணிகளைக் கேட்டு வாங்கி, வருஷக்கணக்காக அந்த அறையில் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்தார். அவர் தேடியவற்றில் ஒன்று என் வீட்டில் பிறந்திருந்தது.

இனிப்பை நிறுத்திய வாரத்திலேயே வாந்தி நின்றது. பிறகு மஞ்சள் இறங்கியது. ஈரல் விரல் விரலாக மேலே ஏறியது. சொக்கலிங்கம் அறுவடையை விட்டுவிட்டு ஒக்கூருக்கும் மதுரைக்குமாக பஸ்ஸில் அலைந்தார். வரும்போதெல்லாம் பிள்ளைக்குச் சீனி போடாத பாலும் இட்லியும் கொண்டுவருவார். அவரும் காபியில் சீனியை விட்டுவிட்டார் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. டாக்டரம்மாவை வழிமறித்து ஒருநாள் கேட்டார்:

"எங் கை ராசியில்லாத கையா டாக்டரம்மா? நெசத்தைச் சொல்லுங்க."

"கைக்கும் இதுக்கும் சம்பந்தமில்லண்ணே. தகராறு வெல்லத்துக்கும் ஈரலுக்கும். நீங்க நடுவுல போயி நின்னுட்டீக."

மனிதர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு துண்டால் முகத்தைத் துடைத்தார்.

குமரேசன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்க ஆரம்பித்தான். வீட்டுக்குப் போகலாம் என்று நான் சந்தோஷமாக மூட்டை கட்டத் தொடங்கிய சமயத்தில் டாக்டரம்மா வந்து, ஒரு சோதனை பாக்கி இருக்கிறது என்றார். பழச்சர்க்கரையை அளந்து அவன் ரத்தக்குழாயில் ஏற்ற வேண்டும். விட்டு விட்டு ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

"ஏற்றினால் என்ன ஆகும்?"

"நான் நினைக்கிறது சரின்னா, பழையபடி வேர்த்துத் துவளுவான். குளுக்கோஸ் ஊசியக் கையிலயே வச்சிருப்பேன்."

"நீங்கள் நினைப்பது தப்பென்றால்?"

"தப்புன்னா ஒண்ணும் ஆகாது. அப்ப அது குலைக்கட்டி."

இப்படியொரு தேர்வை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. என் மகன் பிழைக்க வேண்டுமானால், என் கண் முன்னால் அவன் சாகக் கிடக்க வேண்டும். கோபம் வந்தது. எழுத்தாளன் அல்லவா, கோபத்தையும் நறுக்கென்றுதான் கேட்டேன்: "இது என் பிள்ளைக்காகவா, நீங்கள் எழுதப்போகும் கட்டுரைக்காகவா?"

அவர் முகம் சுளிக்கவில்லை. "பொய் சொல்ல மாட்டேன். ரெண்டுக்குந்தான். நான் எழுதினாத்தான் அடுத்த பிள்ளைக்கு எவராச்சும் இனிப்ப நிறுத்துவாக. உங்க மகனுக்கும் இது வேணும். நாளைக்கு அவனுக்குக் காய்ச்சல் வரும். நீங்க போற டாக்டர் சிவப்பு டானிக் எழுதுவாரு. வேணாம்பீக. அவரு ஆஸ்பத்திரிச் சீட்ட வாங்கிப் பாப்பாரு. அதுல குலைக்கட்டின்னு பெரிய டாக்டர் கையெழுத்து இருக்கும். உங்க பேச்சக் கேப்பாரா, அதக் கேப்பாரா?"

கண்ணாத்தாள்தான் பேசினாள்.

"செய்யுங்க டாக்டரம்மா. நாங்க தெரியாமக் குடுத்தோம். நீங்க தெரிஞ்சு குடுக்கப் போறீக, பக்கத்துலயே மருந்தும் வச்சிருக்கீக. அப்பவே பிழைச்சவன் இப்பவும் பிழைப்பான்."

மறுநாள் காலை, வெறும் வயிற்றோடு பிள்ளையை அவள் மடியில் வைத்துக்கொண்டாள். நான் கதவோரம் நின்றேன். ஊசி போட்டபோது அழுதான். பிறகு டாக்டரம்மாவின் கண்ணாடியைப் பறிக்கப் பார்த்துச் சிரித்தான். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாவிட்டால் குலைக்கட்டி என்பது ஞாபகம் வந்தது. ஏதாவது ஆகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் வேண்டிக்கொண்டவற்றில் இவ்வளவு கேவலமானது வேறொன்றும் இல்லை. அது உடனே பலித்தது.

சிரிப்பு நின்றது. மேலுதட்டில் பொட்டுப் பொட்டாக வேர்வை. நிறம் வெளுத்து, தலை தாயின் தோளில் சாய்ந்தது. கை தொங்கியது.

"போதும் டாக்டரம்மா" என்றாள் கண்ணாத்தாள்.

"இன்னும் ஒரே ஒரு குழாயி, ஆத்தா."

"போதும்!"

அந்தக் கடைசிக் குழாயில் ரத்தம் ஏறுவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். குளுக்கோஸ் உள்ளே ஏறிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். அறையில் ஒரு சத்தமும் இல்லை. வராந்தாவில் படுத்துக் கற்றுக்கொண்ட பாடம் எல்லாம் அப்போது என் கழுத்தைப் பிடித்தது. பிறகு ஒரு முனகல். பிறகு, கட்டிடத்தின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கும்படி ஓர் அழுகை. அவ்வளவு நல்ல சங்கீதத்தை எந்தக் கல்யாணத்திலும் நான் கேட்டதில்லை.

அப்போதுதான் டாக்டரம்மாவைப் பார்த்தேன். ரத்தக் குழாய்களை அப்படியே மேசையில் போட்டுவிட்டு, பிள்ளையின் மேலுதட்டு வேர்வையைத் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் பெரிய டாக்டர் முடிவுகளை இரண்டு முறை படித்தார். சீட்டில் இருந்த குலைக்கட்டியைத் தன் கையாலேயே அடித்துவிட்டு, கீழே வேறொரு பெயரை எழுதினார். அதை எழுத்துக்கூட்ட டாக்டரம்மாவைத்தான் கேட்டார். அதன் முதல் எழுத்து என் இரண்டு தொகுதிகளில் இல்லை.

ஊருக்குத் திரும்பிய பிறகுதான், செட்டிநாட்டில் இனிப்பு இல்லாமல் ஒரு காரியமும் நடப்பதில்லை என்பது தெரிந்தது. கல்யாண வீடு, கோயில், கிரகப்பிரவேசம், பக்கத்து வீட்டுப் பாசம், எல்லாம் சீனியும் வெல்லமுமாகவே வந்தன. மொய் எழுதப் பயந்து, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு விருந்திலிருந்து ஓடும் கஞ்சன் என்று எனக்குப் பெயர் வந்தது. ஆனால் உண்மையான காவல்காரன் அவன்தான். வாய்க்கு வந்த இனிப்பைத் தயவு தாட்சணியம் இல்லாமல் துப்பினான். இப்போது யாரும் அதை வழித்து உள்ளே தள்ளுவதில்லை.

போன மாதம் அவனை மதுரைக்கு அழைத்துப் போனேன். பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தில் ஓடுகிறான். ஒரு சொத்தைப் பல் கிடையாது. டாக்டரம்மாவுக்கு இப்போது பெயர்ப்பலகை போட்ட தனிப் பிரிவு, உதவிக்கு ஆட்கள், சன்னல் வைத்த அறை. வெளியூர்களிலிருந்து பாட்டில்கள் பார்சலில் வருகின்றன. நான் ஒரு சால்வை வாங்கிப் போயிருந்தேன். பஸ்ஸில் வழிநெடுக மனப்பாடம் செய்த நன்றியுரையும் இருந்தது. போர்வைக் கிடங்கிலிருந்து தொடங்கி, தனிமையையும் உழைப்பையும் தொட்டு, என் பிள்ளையின் உயிரில் கொண்டுவந்து முடித்தேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். சால்வையை மடித்து மேசையில் வைத்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குமரேசனை ஏற இறங்கப் பார்த்தார்.

"பேசி முடிச்சிட்டீகளா? சரி, வந்ததுதான் வந்தீக, அங்குட்டுக் கூட்டிப்போயி ஒரு பாட்டில்ல மூத்திரம் பிடிச்சுக் குடுத்துட்டுப் போங்க."